துண்டுக்கும் நாடி துடிக்குது

போன மாசம் ஒரு ராத்திரி தூக்கம் வரல, சும்மா உக்காந்துட்டு இருந்தப்போ கைல கட்டியிருந்த வாட்ச்ச கழட்டி பக்கத்துல சுருட்டி வச்சிருந்த துண்டு மேல கட்டி விட்டேன். டிஷ்யூ ரோல் மேல கட்டினா கூட ஹார்ட் ரேட் காட்டும்னு எங்கயோ பாத்த ஞாபகம், உண்மையான்னு பாத்துரலாமேன்னு தான். பத்து பதினஞ்சு செகண்ட் யோசிச்சுது, அப்புறம் 71ன்னு காட்டிச்சு. எனக்கு அப்போ 83. ஆக அன்னிக்கு ராத்திரி எங்க வீட்டுலயே நல்ல ஃபிட்னஸோட இருந்தது அந்த துண்டு தான்.

சிரிச்சுட்டு படுத்திருக்கலாம். ஆனா ரெண்டு வருஷமா அந்த வாட்ச் சொல்றத வச்சு தான் நான் நல்லா இருக்கேனா இல்லியான்னே முடிவு பண்ணிட்டு இருந்திருக்கேன், அது தான் உறுத்திச்சு. காலைல கண்ண கூட தேய்க்காம மொதல்ல பாக்கறது ஸ்லீப் ஸ்கோர். 85ன்னா அன்னிக்கு துள்ளிக்கிட்டு கெளம்புவேன். 58ன்னு இருந்தா, அந்த நிமிஷம் வரைக்கும் நல்லா தூங்கி எழுந்த மாதிரி இருந்தவன், நம்பர பாத்ததும் தோள் எல்லாம் தொங்கி, ஆமா அசதியா தான் இருக்குன்னு திரும்ப படுத்துருவேன். இந்த கூத்துக்கு பேரே இருக்கு, 2017ல அமெரிக்காவுல தூக்க ஆராய்ச்சி பண்றவங்க சிலர் 'ஆர்த்தோசோம்னியா'ன்னு வச்சாங்க, டிராக்கர்ல நல்ல மார்க் வாங்கணுமேங்கிற கவலையிலயே தூக்கத்த கெடுத்துக்கறவங்களுக்கு. அதுக்கும் முன்னாடி 2014ல ஒரு ஆராய்ச்சி, வந்தவங்ககிட்ட உங்க தூக்கம் இவ்ளோ தரமா இருந்துச்சுன்னு சும்மா வாய்க்கு வந்த ஒரு அளவ சொல்லிட்டு டெஸ்ட் வச்சாங்க, நல்ல தூக்கம்னு சொல்லப்பட்டவங்க நல்லா செஞ்சாங்க, மட்டமான தூக்கம்னு சொல்லப்பட்டவங்க மட்டமா செஞ்சாங்க. நெஜமா எப்படி தூங்கினாங்கங்கிறது அங்க பெரிசா எடுபடல.

தூக்கத்த சரியா அளக்கணும்னா தலைல எலக்ட்ரோட் ஒட்டி மூளை அலைய பாக்கணும், கண்ணு அசையறத பாக்கணும், தசைய பாக்கணும். கைல இருக்கற வாட்ச்சுக்கு தெரிஞ்சதெல்லாம் கை ஆடுதா, பச்சை லைட் அடிச்சா தோல்லேர்ந்து எவ்ளோ வெளிச்சம் திரும்பி வருது, அவ்ளோ தான். அத வச்சு 'நேத்து உனக்கு ஆழ்ந்த தூக்கம் 1 மணி 12 நிமிஷம்'னு நிமிஷக் கணக்குல சொல்லும். அந்த 12 நிமிஷம் இருக்கு பாருங்க, அது தான் என்னை ஏமாத்தினது. 'ஒரு மணி நேரம் போல இருக்கலாம்'னு சொல்லியிருந்தா நானே நம்பியிருக்க மாட்டேன்.

இதுல வாட்ச்ச மட்டும் திட்டறதும் நியாயம் இல்ல. 2017ல ஸ்டான்ஃபோர்டுல ஏழு டிவைஸ்கள 60 பேர் கைல கட்டி, நடக்க விட்டு, ஓட விட்டு, சைக்கிள் மிதிக்க விட்டு பாத்தாங்க. ஹார்ட் ரேட் விஷயத்துல ஏழுல ஆறு, 5 சதவீத தப்புக்குள்ள வந்துச்சு, அது நல்ல வேலை தான். ஆனா கலோரி எரிச்ச கணக்குல இருக்கறதுலயே ஒழுங்கா சொன்னதே சராசரியா 27 சதவீதம் தப்பு, மோசமானது 93 சதவீதம் தப்பு. ரெண்டு நம்பரும் ஒரே ஸ்கிரீன்ல, ஒரே ஃபான்ட்ல, ஒரே சைஸ்ல தான் வருது. எதை நம்பலாம் எதை நம்பக் கூடாதுன்னு அந்த ஸ்கிரீன பாத்து எப்படி தெரியும்?

அப்புறம் அந்த பத்தாயிரம் அடி. ஒரு வருஷம் ராத்திரி பதினொன்றரைக்கு வீட்டுக்குள்ளயே சமையல்கட்டுக்கும் வாசலுக்கும் நடந்து 9,640ஐ பத்தாயிரம் ஆக்கின ஆளு நான். இந்த நம்பர் எங்கேர்ந்து வந்துச்சுன்னு தேடினா, 1965ல ஜப்பான்ல ஒரு கம்பெனி நடைய எண்ற ஒரு கருவி வித்துச்சு, அதுக்கு பேரே 'மான்போகேய்', பத்தாயிரம் அடி மீட்டர்னு அர்த்தம். முந்தின வருஷம் தான் டோக்கியோ ஒலிம்பிக்ஸ் நடந்து முடிஞ்சு எல்லாருக்கும் உடம்ப பாத்துக்கணும்னு ஆசை வந்த நேரம். விக்கறதுக்கு வச்ச பேரு, உலகம் பூரா இலக்கா ஆயிடுச்சு. 2019ல சராசரி 72 வயசு ஆன பதினாறாயிரத்து சொச்சம் பெண்கள வச்சு ஹார்வர்ட் ஆளுங்க பாத்தப்போ, ஒரு நாளைக்கு 2,700 அடி நடக்கறவங்கள விட 4,400 அடி நடக்கறவங்க இறக்கறது 41 சதவீதம் கம்மியா இருந்துச்சு, 7,500 பக்கம் வந்ததும் அதுக்கு மேல நடந்தாலும் பெரிசா வித்தியாசம் இல்ல. இதுலயும் ஒரு ஓட்டை இருக்கு, நடக்க முடியறவங்க தானே நடப்பாங்க, ஏற்கனவே உடம்பு முடியாதவங்க கம்மியா தான் நடப்பாங்க, எது காரணம் எது விளைவுன்னு முழுசா பிரிக்க முடியாது. அவங்களும் அத சரி பண்ண கணக்கெல்லாம் போட்டிருக்காங்க, ஆனாலும்.

சரி, இப்போ என் ஃப்ரெண்ட் கதைக்கு வரேன், ஏன்னா இந்த போஸ்ட்டே அவனால தான்.

அவன் ஒரு ஆடியோ பைத்தியம். ஹெட்ஃபோன், டேக் (டிஜிட்டல் பாட்ட ஹெட்ஃபோனுக்கு ஏத்த சிக்னலா மாத்தற பொட்டி), ஆம்ப்னு ஒரு மேஜை நிறைய வச்சிருக்கான். போன வருஷம் ஒரு கேபிள் வாங்கினான், விலைய சொல்ல மாட்டேன், அவன் வீட்டுலயும் யாராவது படிப்பாங்க. 'டேய் மேல இருந்த திரை விலகின மாதிரி இருக்குடா, பாடறவர் மூச்சு விடறது கேக்குது'ன்னு சொன்னான். நானும் கேட்டேன், எனக்கும் மூச்சு கேட்டுச்சு! அதான் பிரச்சன. பழைய கேபிள மாட்டி திரும்ப கேட்டப்போ அதுலயும் மூச்சு கேட்டுச்சு, இத்தன நாள் கவனிக்கல, அவ்ளோ தான். அவனுக்கு இத சொன்னா ஒத்துக்க மாட்டான், அதனால டெஸ்ட் வச்சேன். அவன் சுவத்த பாத்து உக்காரணும், நான் காசு சுண்டி பூவா தலையா பாத்து எந்த கேபிள்னு முடிவு பண்ணி மாட்டணும், பழைய கேபிள் வந்தா கூட ஒரு தடவ கழட்டி மாட்டற சத்தம் கேக்கணும், இல்லன்னா அதுலயே கண்டுபிடிச்சுருவான். வால்யூம் துளி கூட மாறக் கூடாது, ஏன்னா கொஞ்சம் சத்தமா இருக்கறது தான் நம்ம காதுக்கு 'தரமா' கேக்கும், கடைகள்ல நடக்கற பாதி ஏமாத்து வேலை அது தான். இருபது தடவ. பதினோன்னு சரியா சொன்னான். கண்ண மூடிட்டு காசு சுண்டினாலே பத்து வரும். இருபதுல பதினஞ்சு வந்திருந்தா நான் வாய மூடிட்டு நானும் ஒன்னு வாங்கியிருப்பேன், ஏன்னா சும்மா குத்துமதிப்புல பதினஞ்சோ அதுக்கு மேலயோ வர்றதுக்கு வாய்ப்பு சுமார் 2 சதவீதம் தான்.

இந்த மாதிரி டெஸ்ட்டுக்கு தாத்தா ஒருத்தர் இருக்கார், ரொனால்ட் ஃபிஷர்னு ஒரு புள்ளியியல் நிபுணர். 1920கள்ல இங்கிலாந்துல ரொதாம்ஸ்டட்ங்கிற விவசாய ஆராய்ச்சி நிலையத்துல வேலை பாத்தவர். அங்க கூட வேலை பாத்த மியூரியல் பிரிஸ்டல்னு ஒரு அம்மா, கப்புல மொதல்ல பால் ஊத்தினாங்களா டீ ஊத்தினாங்களான்னு குடிச்சு பாத்தே சொல்லிருவேன்னாங்க. எல்லாரும் சிரிச்சிருப்பாங்க. ஃபிஷர் சிரிக்கல, எட்டு கப், நாலு இப்படி நாலு அப்படி, கலைச்சு வச்சு குடிக்க சொன்னா எட்டையும் குருட்டாம்போக்குல சரியா சொல்றதுக்கு 70ல ஒரு வாய்ப்பு தான்னு கணக்கு போட்டார். எந்த வரிசைல வரும்னு யாரும் தீர்மானிக்கக் கூடாது, குலுக்கி தான் போடணும்ங்கிறது அவரோட பெரிய பிடிவாதம். இன்னிக்கு மருந்து டெஸ்ட் பண்றது வரைக்கும் அந்த குலுக்கல் தான் அடிப்படை. இவர ஞாபகம் வச்சுக்கோங்க, திரும்ப வருவார்.

ஆடியோல இத பெரிசா பண்ணவங்களும் இருக்காங்க. 2007ல மேயர், மோரன்னு ரெண்டு பேர் ஒரு வருஷத்துக்கு மேல உக்காந்து, ஹை-ரெசல்யூஷன் டிஸ்க் சத்தத்தையும் அதையே சாதா சிடி தரத்துக்கு இறக்கினதையும் மாத்தி மாத்தி போட்டு கேக்க விட்டாங்க. 554 தடவைல 276 சரி. அதாவது 49.8 சதவீதம், என் ஃப்ரெண்டே தேவலாம். இதோட நிறுத்தினா நான் ஜெயிச்ச மாதிரி இருக்கும், ஆனா 2016ல ஜோஷுவா ரைஸ்னு ஒருத்தர் 18 ஆராய்ச்சிகள, மொத்தம் பன்னெண்டாயிரத்து ஐநூறு தடவைக்கு மேல, ஒண்ணா சேத்து பாத்தா 52.3 சதவீதம் சரியா சொல்லியிருக்காங்க. ரொம்ப சின்னது, ஆனா பூஜ்யம் இல்ல, பயிற்சி எடுத்தவங்களுக்கு இன்னும் கொஞ்சம் கூட. இத நான் அவன்கிட்ட மூணு மாசம் சொல்லல. தெரிஞ்சும் சொல்லல. சொன்னா அந்த 2.3 சதவீதத்துல தான் நான் இருக்கேன்னு சொல்லுவான்.

வயலின் கதை இத விட எனக்கு பிடிக்கும். 2010ல இண்டியானபோலிஸ்ல ஒரு சர்வதேச வயலின் போட்டி நடந்தப்போ ஹோட்டல் ரூம்ல 21 வாசிப்பாளர்கள ஒவ்வொருத்தரா கூப்பிட்டு, வெல்டிங் பண்றவங்க போடற கண்ணாடிய இருட்டாக்கி மாட்டி விட்டு, வயலின் வாசனைல பழசு புதுசு தெரிஞ்சுரக் கூடாதுன்னு தாடை வைக்கற இடத்துல துளி சென்ட் தடவி, ஆறு வயலின் கொடுத்து பிடிச்சத எடுக்க சொன்னாங்க. மூணு புதுசு, மூணு பழைய காலத்து பேர் போன இத்தாலி வயலின், அதுல ரெண்டு ஸ்ட்ராடிவாரி, ஒரு குவார்னேரி. மொத்தத்துல ரொம்ப பிடிக்காம போனது ஒரு ஸ்ட்ராடிவாரி. நீ எடுத்தது பழசா புதுசான்னு 17 பேர்கிட்ட கேட்டா, ஏழு பேர் தெரியலன்னாங்க, ஏழு பேர் தப்பா சொன்னாங்க, மூணு பேர் தான் சரி. இசை உலகம் சும்மா விடுமா, ஹோட்டல் ரூம்ல வாசிச்சா அது டெஸ்ட்டா, அரங்கத்துல வாசிக்கணும், பெரிய ஆளுங்க வாசிக்கணும்னு சண்ட. நியாயமான சண்ட தான். அதே குழு பாரிஸ் பக்கத்துல அரங்கத்துல பத்து சோலோ கலைஞர்கள வச்சு திரும்ப பண்ணாங்க, பத்துல ஆறு பேர் புதுச தான் எடுத்தாங்க. சந்தேகம்னா இப்படி இருக்கணும், என்ன நடந்தா நான் ஒத்துக்குவேன்னு முன்னாடியே சொல்லிட்டு சந்தேகப்படணும். என் ஃப்ரெண்ட் இருபது தடவைக்கு அப்புறம் சொன்னது 'டெஸ்ட்னு டென்ஷன்ல காது சரியா கேக்காதுடா'. அப்போ டென்ஷன் இல்லாதப்போ கேக்கற வித்தியாசம் கேபிள்ல இருக்கா டென்ஷன்ல இருக்கான்னு கேட்டேன். பேச்ச மாத்திட்டான்.

இந்த எகத்தாளத்தோட தான் நான் சுத்திட்டு இருந்தேன், என் முட்டி கதை வர்ற வரைக்கும்.

ரெண்டு வருஷம் முன்னாடி ஓட ஆரம்பிச்சேன், ஆறாவது மாசம் வலது முட்டி வலி. படி இறங்கினா வலி, உக்காந்து எழுந்தா வலி. ஒரு வாரம் ரொம்ப மோசமா இருந்தப்போ யாரோ மூட்டுக்குன்னு விக்கற குளுக்கோசமீன் கேப்ஸ்யூல் சொன்னாங்க, வாங்கி போட்டேன், பத்து நாள்ல பாதி வலி போயிடுச்சு. அன்னிலேர்ந்து விடாம போடறேன். நானும் பாக்கறவங்ககிட்ட எல்லாம் சொல்லியிருக்கேன், எனக்கு கேட்டுச்சுன்னு. ஒரு நாள் என் ஃப்ரெண்ட் காபி குடிச்சுட்டே சாதாரணமா கேட்டான், 'இதுக்கு காசு சுண்டிப் பாத்தியா?'

கேபிளுக்கு இருபது தடவ குலுக்கல் கேட்டவன், மாத்திரைக்கு ஒரு தடவ கூட கேக்கல. காக்காய்க்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு.

யோசிச்சு பாத்தா ரொம்ப சிம்பிள். வலி ஏறி இறங்கிக்கிட்டே தான் இருக்கும். எப்போ மாத்திரை வாங்குவோம்? உச்சத்துல இருக்கறப்போ. உச்சத்துக்கு அப்புறம் என்ன வரும்? இறக்கம் தான். அந்த இறக்கத்துக்கு பக்கத்துல எது நின்னாலும் அதுக்கு பேரு போயிரும், மாத்திரை, தைலம், வாட்ஸ்அப்ல வந்த வைத்தியம், எதுவானாலும், காக்கா உக்கார பனம்பழம் விழுந்த கதை. சளிக்கு மருந்து சாப்பிட்டா ஏழு நாள், சாப்பிடலன்னா ஒரு வாரம்னு சொல்லுவாங்கல்ல, அந்த ஜோக்க நானே எத்தன பேர்கிட்ட சொல்லியிருக்கேன்.

உடனே போய் தேடினேன். 2006ல அமெரிக்காவுல 1,583 முட்டி தேய்மானக்காரங்கள வச்சு 24 வாரம் பண்ண பெரிய டெஸ்ட் இருக்கு. குளுக்கோசமீன், அதே மாதிரி மூட்டுக்கு விக்கற காண்ட்ராய்டின், ரெண்டும் சேத்து, ஒரு வலி மாத்திரை, ஒண்ணுமே இல்லாத டம்மி, இப்படி அஞ்சு குரூப். டம்மி சாப்பிட்டவங்கள்லயே 60 சதவீதம் பேருக்கு வலி நல்லா கொறஞ்சிருக்கு. குளுக்கோசமீன் அத பெரிசா தாண்டல. படிச்சதும் மனசு ஒரு மாதிரி ஆச்சு, ஆனா கீழ ஒரு வரி, வலி ஓரளவு கடுமையா இருந்த சின்ன குரூப்ல மட்டும் ரெண்டும் சேத்து சாப்பிட்டவங்களுக்கு 79 சதவீதம், டம்மிக்கு 54ன்னு. அத பிடிச்சு தொங்கினேன் பாருங்க! என் வலி கடுமையானது தானே, அந்த குரூப் நான் தானேன்னு. நான் சாப்பிடறது ரெண்டும் சேத்து கூட இல்ல, குளுக்கோசமீன் மட்டும் தான், எனக்கு தேய்மானம்னு யாரும் சொல்லவும் இல்ல. அந்த ஆராய்ச்சி பண்ணவங்களே இத இன்னொரு டெஸ்ட்ல உறுதி பண்ணணும்னு எழுதியிருக்காங்க. பல துண்டா வெட்டி பாத்தா ஏதாவது ஒரு துண்டு நல்லா தெரியும், அது எனக்கே தெரியும், 2.3 சதவீதத்துக்கு என் ஃப்ரெண்ட நான் மனசுக்குள்ள நக்கல் பண்ணது அதுக்கு தானே.

மாத்திரை கூட பரவால்ல, ஆபரேஷன் கதை கேளுங்க. 2002ல ஹூஸ்டன்ல முட்டி தேய்மானம் உள்ள 180 பேர குலுக்கல்ல பிரிச்சாங்க, சில பேருக்கு முட்டிக்குள்ள கருவி விட்டு சுத்தம் பண்ற ஆபரேஷன், சில பேருக்கு கழுவி விடறது மட்டும், சில பேருக்கு சும்மா தோல்ல கத்தி வச்சு கீறிட்டு தையல் போட்டு அனுப்பினாங்க. நெஜமா பண்ணாங்களா நடிச்சாங்களான்னு நோயாளிக்கு தெரியாது. ரெண்டு வருஷம் பாத்தாங்க, நடிப்பு ஆபரேஷன விட நெஜ ஆபரேஷன் எந்த கட்டத்துலயும் மேல இல்ல. அந்த ஆபரேஷன வருஷா வருஷம் லட்சக்கணக்குல பண்ணிட்டு இருந்தாங்க. பண்ண டாக்டர்கள் பொய் சொல்லல, அவங்க கண்ணு முன்னாடி பேஷண்ட் நல்லாகி நடந்து போறத பாத்தாங்க. அனுபவம் தான் அது. அனுபவத்துல டம்மி குரூப் கெடையாதே.

நம்பர் நல்லாச்சுன்னா ஆளும் நல்லாயிட்டான்னு நெனைக்கறதுல தான் எனக்கு இப்போ ரொம்ப பயம். ஹார்ட் அட்டாக் வந்து பொழச்சவங்களுக்கு நடுநடுவுல தாறுமாறா துடிப்பு வந்தா அவங்க திடீர்னு இறக்கற வாய்ப்பு அதிகம்னு தெரியும். அந்த துடிப்ப அடக்கற மருந்தும் இருந்துச்சு, என்கேனைட், ஃப்ளெகேனைட்னு. ஈசிஜில அழகா அடங்கறது கண்ணுக்கு தெரியும். அப்போ மருந்து கொடுத்தா சாவு கொறையும், இதுல சந்தேகம் என்ன இருக்கு? டெஸ்ட்டுன்னு சொல்லி சிலருக்கு டம்மி கொடுக்கறதே பாவம்னு நெனச்ச டாக்டர்கள் கூட இருந்தாங்க. ஆனாலும் குலுக்கல் போட்டாங்க. மருந்து எடுத்த 755 பேர்ல 63 பேர் இறந்தாங்க. டம்மி எடுத்த 743 பேர்ல 26 பேர். சராசரியா பத்து மாசத்துல. 1989ல அவசரமா நிறுத்தினாங்க. துடிப்பு சீரா இருந்துச்சு, கிராஃப் சுத்தமா இருந்துச்சு, ஆள் தான் இல்ல. இத மொதல் தடவ படிச்சப்போ ரொம்ப நேரம் அந்த 63லயே நின்னுட்டேன்.

ஹெல்த் செக்கப் ரிப்போர்ட்ல செவப்பு அம்புக்குறி பாத்து பயப்படறவங்களுக்கு ஒரே ஒரு கணக்கு சொல்லிட்டு போறேன். நார்மல் ரேஞ்ச்னு போடறது பெரும்பாலும் ஆரோக்கியமானவங்கள்ல நடுவுல இருக்கற 95 சதவீதம் தான். அப்படின்னா ஒண்ணுக்கொண்ணு சம்பந்தம் இல்லாத 20 டெஸ்ட் எடுத்தா, ஒரு கொறையும் இல்லாத ஆளுக்கே ஏதாவது ஒண்ணுலயாவது அம்புக்குறி வர்றதுக்கு 64 சதவீதம் வாய்ப்பு. அதுக்காக அம்புக்குறிய எல்லாம் தூக்கிப் போடாதீங்க, டாக்டர்கிட்ட காட்டுங்க, ராத்திரி பூரா உக்காந்து நீங்களே தேடிட்டு இருக்காதீங்கன்னு சொல்றேன், நான் இருந்திருக்கேன்.

இவ்ளோ படிச்சதும் எனக்கு இன்னொரு வியாதி வந்துச்சு, எதையுமே நம்பாத வியாதி. யார் எது சொன்னாலும் 'சாம்பிள் சைஸ் என்ன', 'யார் காசு கொடுத்தா', 'குலுக்கல் பண்ணாங்களா'. வீட்டுல என்கிட்ட பேசறதையே கொறச்சுட்டாங்க. அந்த நேரத்துல தான் ஃபிஷர் திரும்ப வந்தார்.

1950ல ரிச்சர்ட் டால், ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில்னு ரெண்டு பேர் லண்டன் ஆஸ்பத்திரிகள்ல நுரையீரல் கேன்சர் வந்த 649 ஆண்கள விசாரிச்சாங்க, அதுல சிகரெட் பழக்கமே இல்லாதவங்க ரெண்டே பேர். அதுக்கப்புறம் வந்த ஆராய்ச்சி எல்லாம் அதே பக்கம் தான் கை காட்டிச்சு. 50கள் கடைசில ஃபிஷர் எழுந்து நின்னு இது ஆதாரமே இல்லன்னார். குலுக்கல் எங்க? சிகரெட் பிடிக்க வைக்கற ஏதோ ஒரு பரம்பரை குணமே கேன்சரையும் கொடுக்கலாமே? இல்ல, கேன்சருக்கு முந்தின நுரையீரல் எரிச்சல்னால தான் அவங்க சிகரெட்ட தேடறாங்களோ என்னவோ? ஒவ்வொரு கேள்வியும் தனியா பாத்தா புத்திசாலித்தனமான கேள்வி. அவர் வாயில எப்பவும் பைப் இருக்கும். புகையில கம்பெனிகளுக்கு ஆலோசகராவும் இருந்தார். டீ கப்புக்கு எட்டே எட்டு போதும்னு சொன்ன மனுஷனுக்கு, தன் பைப்புக்கு எத்தன ஆயிரம் பேர் வந்தும் போதல.

சிகரெட்டுக்கு குலுக்கல் போட முடியாது, யாரையும் முப்பது வருஷம் பிடிக்க வச்சு பாக்க முடியாது. அதே சமயம் குலுக்கல் போட்டாச்சுன்னா எல்லாம் சரின்னு கண்ண மூடிட்டு நம்பறதும் தப்புன்னு கிண்டலா காட்டவே 2018ல சில டாக்டர்கள் பாராசூட்டுக்கு குலுக்கல் டெஸ்ட் வச்சாங்க, 23 பேர பிளேன்லேர்ந்தும் ஹெலிகாப்டர்லேர்ந்தும் குதிக்க விட்டாங்க, பாராசூட் போட்டவங்களுக்கும் வெறும் பை மாட்டினவங்களுக்கும் அடிபட்டதுல வித்தியாசமே இல்ல. பிளேனும் ஹெலிகாப்டரும் தரையில நின்னுட்டு இருந்துச்சு.

இத விட குளிர் எடுக்க வச்சது ஒரு அமெரிக்க சிகரெட் கம்பெனியோட 1969 குறிப்பு, பின்னாடி வெளில வந்துச்சு. மக்கள் மனசுல பதிஞ்ச ஆதாரத்தோட மோதறதுக்கு சிறந்த வழி சந்தேகம் தான், அதனால சந்தேகம் தான் நம்ம சரக்குன்னு அதுல எழுதியிருக்கு. சரக்கு! நான் பெருமையா 'ஸ்கெப்டிக்'னு சொல்லிட்டு திரியறேன், அத ஒருத்தன் பாக்கெட் போட்டு வித்திருக்கான்.

இத எல்லாம் ஒரு நாள் ஃப்ரெண்ட்கிட்ட கொட்டினேன். அந்த 52.3 சதவீதத்தையும் சொல்லிட்டேன், எதிர்பாத்த மாதிரியே 'அந்த 2.3 நான் தான்டா'ன்னான். அப்புறம் சொன்னான், 'சரி, உன் முட்டிக்கு இப்போ டெஸ்ட் வைக்கலாம், ஒத்துக்கறியா?' ஒரே ஆளுக்கு மருந்தும் டம்மியும் மாத்தி மாத்தி கொடுத்து பாக்கற முறை நெஜமாவே இருக்கு, டாக்டர்களே பண்றது தான். ஓட்டம் அதே ஓட்டம், நேரம் அதே நேரம், மாத்திரை மட்டும் மாறும். டாக்டர்கிட்ட கேட்டேன், இத நிறுத்தி நிறுத்தி போட்டா ஒண்ணும் ஆகாது, தாராளமா பண்ணுங்கன்னு சிரிச்சார். காலி கேப்ஸ்யூல் கூடு வாங்கி அவன் ஒரு ஞாயித்துக்கிழமை பூரா உக்காந்து ரெண்டு வகையும் ரொப்பினான், சிலதுல என் மருந்து, சிலதுல வெறும் ஸ்டார்ச். பத்து கவர், கவருக்கு ரெண்டு வாரம், எது எந்த கவர்ல போகணும்னு காசு சுண்டி முடிவு பண்ணி, லிஸ்ட்ட அவன் எங்கயோ பூட்டி வச்சுட்டான். மருந்தோட வேகம் அடுத்த ரெண்டு வாரத்துக்கும் ஒட்டிக்கிட்டு வரலாம், அதனால ஒவ்வொரு கவர்லயும் மொத வாரத்த கணக்குல எடுக்கக் கூடாதுன்னு முன்னாடியே எழுதி கையெழுத்து போட்டோம். நான் தினமும் ராத்திரி வலிக்கு பத்துக்கு மார்க் போடணும், வாட்ச்ச பாக்கறதுக்கு முன்னாடி.

இப்போ மூணாவது கவர் நடக்குது. ரெண்டாவது கவர்ல முட்டி உயிர எடுத்துருச்சு, படிக்கட்டுல பக்கவாட்டா இறங்கினேன். இந்த கவர் ஆரம்பிச்சு பதினோரு நாள், வலியே இல்ல, நேத்து அஞ்சு கிலோமீட்டர் ஓடிட்டு வந்தேன். இது நெஜ மருந்து தான், எனக்கு நிச்சயமா தெரியும், கேப்ஸ்யூல முழுங்கறப்போவே தெரியுது. ஃபோன் பண்ணி அவன்கிட்ட கேட்டேன், சொல்லுடா, இது மருந்து தானேன்னு. அந்தப் பக்கம் சிரிக்கிற சத்தம் கேக்குது, பின்னாடி ஏதோ பாட்டு ஓடுது, புது கேபிள்ல போட்டிருப்பான்.